தட்டு

ரம்லத்துக்குத் தெரிந்தது அடுப்படி அரபி.
ஜித்தாவில் ஒன்பது வருஷம்:
கழுவு, கொண்டு வா, சீக்கிரம், உப்பு போதாது.
எப்படி இருக்கிறாய் என்று
அந்த மொழியில் அவளை யாரும் கேட்டதில்லை.

அதே மொழியில் இன்று
காஸாவின் ஒரு கூடாரத்திலிருந்து குரல் வந்திருக்கிறது,
நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி.
சங்கத்து போனை உளுந்து டப்பாமேல் சாய்த்துவைத்து
சேரம்பாடி மூணாம் நம்பர் லயத்தில்
பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறோம்,
கொழுந்துக் கறை போகாத விரல்களோடு.

பெயர் இப்திஸாம் என்கிறாள்.
நிறுத்து, திரும்பப் போடு, என்கிறாள் ரம்லத்.
ஒரு சொல் பிடிபடவில்லை: ஸன்னானா.
மூன்றாம் தடவை, குரலுக்குப் பின்னால்
விடாமல் இரைகிற ஒன்றைக் கேட்டுவிட்டு
அவளே சொன்னாள்:
தலைக்கு மேலே நிற்குதே, அதோட பேரு.

உள்ளே கை ஓங்குகிறவன்.
வெளியே ஸன்னானா.
குண்டு விழுகிற நேரத்தில்
உன் கன்னத்து வீக்கம் ஒரு பேச்சா
என்று கேட்கிறார்களாம் அங்கே.

புஷ்பகாந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
வரக்கூடாத இடத்தில் வந்த சிரிப்பு.
வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை.
மண்டபம் முகாமில் அவள் அம்மாவைக் கேட்டார்கள்:
கப்பலேறி வந்து ரேஷன் கார்டே இல்ல,
இப்ப இது ஒரு பேச்சா?
கூலிப் போராட்டத்தின்போது கேட்டார்கள்.
கொரோனாவில் கேட்டார்கள்.
நேரம் என்று ஒன்று
இதற்கு இதுவரை வந்ததில்லை.

இப்திஸாமோடு ஏழு பேர்.
இரவில் கழிப்பிடத்துக்கு ஜோடியாகத்தான் போவார்கள்.
பயந்தவள் கூடாரக் கயிற்றில் நீலத்துணி கட்டுவாள்.
மாவு கடன் கேட்பதுபோல் போய் உட்கார்ந்துகொள்வார்கள்
அவன் எழுந்து வெளியே போகும்வரை.
ஆனால் காற்று துணியைக் கொண்டுபோகிறது,
இருட்டில் நீலம் தெரிவதில்லை.
வேறு வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

காசு கேட்கவில்லை. வழி கேட்டிருக்கிறாள்.

எங்களிடம் ஒன்று இருந்தது.
இங்கே வெளியே நிற்பது யானை.
அதை ஸன்னானாவோடு சேர்க்கக் கூடாது,
அது பாவம், பலாப்பழத்துக்கு வருகிறது.
ஆனாலும் அடிபட்ட விஜயகௌரி
கதவைத் திறந்தவள், மூடவும் முடியாமல்,
நிலைக்கும் சுவருக்கும் நடுவே விடியும்வரை நின்றாள்.

அதற்குப் பிறகுதான் பேசிவைத்தோம்.
யானை என்றால் தட்டை விடாமல் அடி.
மூணு அடி, நிறுத்தி, மறுபடி மூணு என்றால்
யானை இல்லை.
கேட்டவள் டார்ச்சோடு வரவேண்டும்,
தனியாக வரக் கூடாது.

போன மாசம் கூடலூர் மேடையில்
பாலஸ்தீனப் பெண்களுக்காக
முக்கால் மணி நேரம் பேசினார் ஒரு தோழர்.
நல்ல பேச்சு. நானும் கைதட்டினேன்.
மறுநாள் ராத்திரி அவர் வீட்டிலிருந்து மூணு.
போனோம்.
டீ போடச் சொல்லி உட்கார்ந்தோம்.
அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் எப்படி அரபியில் சொல்வது?
தமிழில் தட்டு என்றால் பாத்திரமும் அதுதான்,
கட்டளையும் அதுதான்.
பாத்திரத்துக்கு ஸஹன்.
ஒன்பது வருஷம் கழுவியவள்
அந்தச் சொல்லில் மட்டும் தடுமாறவில்லை.
மற்றதற்கு,
அடிப்பதற்கு ஜித்தாவில் கற்ற சொல் ஒன்று இருக்கிறது,
அதை இதுக்குச் சொல்லமாட்டேன் என்றாள்.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது.
ரம்லத் எழுந்துபோய்
கழுவிக் கவிழ்த்த தட்டை எடுத்து
கரண்டியால்
மூணு. நிறுத்தி, மூணு.

யோசிக்கவில்லை நாங்கள்.
நாலாம் லயத்துக் கதவு திறந்தது, ஆறாம் லயம் திறந்தது,
பனிக்குள் டார்ச் டார்ச்சாக
செருப்பில்லாமல் ஓடிவந்து
மூச்சிரைக்கக் கேட்டார்கள்:
யார் வீடு? யார் வீடு?

ரம்லத் போனை
அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.